ஒன்பது வீட்டுக்குப் பத்துச் சுவர்

திருவொற்றியூரில், பக்கிங்காம் கால்வாயிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் தெரு. ஒரே வரிசையில் ஒன்பது மனை. ஒவ்வொன்றும் 13 அடி அகலம், 27 அடி நீளம். எல்லாருக்கும் பட்டா உண்டு. மனையின் மேல் இருந்தது மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் தார்ப்பாயும்தான். 2024 பொங்கல் முடிந்து பேச ஆரம்பித்தோம். அக்டோபர் மழைக்குள் எட்டு வீட்டில் பால் காய்ச்சிவிட்டோம். இத்தனை மாதமும் எங்கள் மகளிர் குழுவின் கணக்கு நோட்டு என் கையில் இருந்தது. அதைப் புரட்டிப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். எங்களைப் போல வரிசையாகச் சின்ன மனை வைத்திருப்பவர்களுக்கு, நாங்கள் செய்த தவறும் சேர்ந்தே உதவட்டும்.

முதலில் பணம். 2015-இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில், சொந்த மனை உள்ளவர் தானே கட்டிக்கொள்ளும் பிரிவு ஒன்று உண்டு. நாங்கள் கட்டியபோது அதில் மத்திய அரசு ஒன்றரை லட்சம், மாநில அரசு 60 ஆயிரம், ஆக 2 லட்சத்து 10 ஆயிரம் கொடுத்தார்கள். வீட்டின் உள்பரப்பு 30 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். பணம் மொத்தமாக வராது. ஒவ்வொரு கட்டமும் முடிந்து, இடத்தோடு சேர்த்துப் படம் எடுத்துப் பதிந்த பிறகு தவணையாக வரும். அதாவது, கடைக்காலுக்கான (அஸ்திவாரத்துக்கான) பணம் முதலில் நம் கையில் இருக்க வேண்டும். ஒன்பது வீட்டையும் ஒன்றாக இடித்தால் ஒன்பது கடைக்காலுக்கும் பணம் தேட வேண்டும், ஒன்பது குடும்பமும் வாடகைக்கு அலைய வேண்டும். அதனால் மூன்று மூன்று வீடாகக் கட்டுவது என்று முடிவு செய்தோம். முதல் மூன்று வீட்டுக்காரர்கள் மற்ற ஆறு வீடுகளில் ஒண்டிக்கொண்டார்கள். அந்தக் கடைக்காலுக்குக் குழுக்கடன் போட்டோம். அவர்களுக்குத் தவணை வந்ததும் அது அடுத்த மூன்று வீட்டுக்குத் திரும்பியது.

இந்த யோசனை எனக்கு வானத்திலிருந்து வரவில்லை. என் பெரியம்மா கொடுங்கையூரில் இருந்தார். 1977-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மூன்று இடத்திலும் மனை பிரித்தார்கள். தெரு, தண்ணீர், கழிப்பறை என்று அடிப்படையைக் கொடுத்து, வீட்டை அவரவர் வசதிக்கு வளர்த்துக்கொள்ளும்படி விட்டார்கள். பெரியம்மா முதலில் ஒரு அறை கட்டினார், பெரிய பையனுக்குக் கல்யாணம் பேசியபோது இன்னொன்று, பேரன் பிறந்தபோது மாடி. மூன்றுக்கும் மூன்று விதமான செங்கல். எனக்குத் தெரிந்து அந்தத் தெருவில் யாரும் வீட்டை விற்றுவிட்டு ஓடவில்லை. 1970-இல் வந்த குடிசை மாற்று வாரியம் (2021-இலிருந்து நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) எத்தனையோ அடுக்குமாடி கட்டியிருக்கிறது. அவற்றில் வாழ்கிற சொந்தக்காரர்கள் எனக்கு உண்டு. ஆனால் வடசென்னையில் பிழைப்பு உள்ளவரைக் கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ அனுப்பினால், வீடு ஒரு கோடியிலும் வேலை மறு கோடியிலும் கிடக்கும். இருக்கிற இடத்திலேயே, இருக்கிறவர்களே கூடிக் கட்டுவதுதான் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கூடிக் கட்டுவது என்றால் என்ன என்பதில் மட்டும் முதல் இரண்டு மாதம் நாங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தோம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

தெருவில் போட்ட கோலம்

எங்கள் கைக்கு முதலில் வந்த வரைபடத்தில் முன்னால் கூடம், நடுவில் படுக்கை அறை, பின்னால் சமையலறையும் கழிப்பறையும் இருந்தன. காகிதத்தில் பார்த்தபோது எல்லாரும் தலையாட்டினோம். எங்களுக்கு உதவிய டிப்ளமோ படித்த தம்பி ஒருவர், "காகிதத்துல பாக்காதீங்க அக்கா, தரையில பாருங்க" என்று சொல்லி, தெருவிலேயே சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் வீட்டைக் கோடு போட்டார். ஞாயிற்றுக்கிழமை அது. நாங்கள் கட்டில், பீரோ, கேஸ் சிலிண்டர், கிரைண்டர் எல்லாவற்றையும் தூக்கிவந்து கோட்டுக்குள் வைத்தோம்.

பத்து நிமிஷத்தில் குறைகள் தெரிந்துவிட்டன. கட்டிலைப் போட்டால் பீரோ கதவு திறக்கவில்லை. கழிப்பறைக் கதவு அடுப்புக்கு நேராக இருந்தது. மீன் விற்கும் அக்கா கூடையோடு வந்து நின்று, "நான் எங்க கழுவுறது?" என்று கேட்டார். காசிமேட்டிலிருந்து எடுத்துவரும் கூடையை அவர் வீட்டு வழியாகப் பின்னால் கொண்டுபோனால் கூடம் முழுக்க மீன் தண்ணீர். கடைசி வீட்டுத் தாத்தா நடுக்கோட்டில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, இந்த அறைக்கு ஜன்னல் எங்கே என்றார். எங்கேயும் இல்லை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வெளிச்சமும் காற்றும் முன்பக்கமும் பின்பக்கமும் மட்டும்தான். பின்னால் உள்ள சந்தும் இரண்டடி.

மூன்று ஞாயிறு அந்தக் கோட்டை அழித்து அழித்துப் போட்டோம். கடைசியில் முடிவானது இது. முன்னால் மூன்றரை அடித் திண்ணை, அதன் ஓரத்தில் ஒரு குழாயும் சாக்கடை வழியும். கூடம் 9 அடி. கூடத்துக்கும் நடு அறைக்கும் இடையே உள்ள நாலரை அங்குலச் சுவர் 7 அடி உயரத்தோடு நின்றுவிடும், மேலே திறப்பு. நடு அறையின் கூரையில் இரண்டுக்கு இரண்டு அடித் திறப்பு. அதைச் சுற்றி ஒன்றரை அடி உயரக் கட்டை, பக்கவாட்டில் காற்று போக இடைவெளி, மேலே ஃபைபர் ஷீட். கழிப்பறைக் கதவைத் திருப்பி நடு அறைப் பக்கம் வைத்தோம். இப்போது நடு அறையில் பகலில் விளக்குப் போடுவதில்லை.

மாடிப்படி விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை. இரண்டு வீட்டுக்கு ஒரு படி என்றால் இடம் மிச்சம். ஆனால் யார் பெருக்குவது, ராத்திரி யார் வருவது போவது என்று சண்டை வரும் என்று ஆறு வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். வற்புறுத்தவில்லை. இப்போதைக்கு இரும்பு ஏணி. பின்னால் படி கட்டுவதற்காகக் கூரைக் கம்பியில் சிலவற்றை வெளியே நீட்டி விட்டிருக்கிறோம். இங்கே கடல் காற்றில் திறந்த கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் நீட்டிய முனைகளை மெலிந்த கலவையால் மூடி வைத்தோம். படி கட்டுகிற அன்று தட்டி எடுத்துவிடலாம்.

சுவருக்குப் பத்திரம்

ஒன்பது பேரும் தனித்தனியாகக் கட்டினால் நீளவாட்டில் 18 சுவர். எல்லைக்கோட்டில் நடுவில் ஒரே ஒன்பது அங்குலச் சுவரை எழுப்பி இரண்டு வீடும் பங்கு வைத்துக்கொண்டால் 10 சுவர் போதும். எட்டுச் சுவர் மிச்சம். ஒரு சுவர் 27 அடிக்கு 10 அடி, அதாவது 270 சதுர அடி. எங்கள் ஊர் சேம்பர் செங்கல்லில் ஒன்பது அங்குலச் சுவருக்குச் சதுர அடிக்கு 9 கல் பிடிக்கிறது. எட்டுச் சுவருக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 19,500 கல். அதோடு நடுவில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் 9 அங்குல அகலம் கூடுகிறது, இரண்டு ஓர வீட்டுக்கு நாலரை அங்குலம். 13 அடி மனைக்காரருக்கு 9 அங்குலம் என்பது பீரோ கதவு திறக்கிற அளவு.

ஆனால் பொதுச்சுவர் என்றாலே நம் ஊரில் பயம். நாளைக்கு ஒருவர் இடித்தால்? ஒருவர் மட்டும் மாடி கட்டினால்? அவர் ஆணி அடித்தால் என் பக்கம் பூச்சு விழுந்தால்? இரண்டு வாரம் இதே பேச்சு. எங்கள் பேச்சு எல்லாவற்றையும் ஒரு வக்கீலிடம் கொண்டுபோனோம். அவர் எழுதிக்கொடுத்த உடன்படிக்கையைப் பதிவும் செய்தோம். சாரம் இதுதான்: இருவருக்கும் பாதிப் பாதி உரிமை. யார் வேண்டுமானாலும் ஒரு மாடி வரை அதன்மேல் ஏற்றலாம். குழாய்க்காகச் சுவரைக் குடைந்து வழி எடுக்கக் கூடாது. யாராவது தன் வீட்டை இடித்தாலும் சுவரைத் தொடக் கூடாது.

அப்புறம் இன்னொரு சிக்கல். முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் ஒரு சுவர் முழுக்கத் தன் செலவு, நடுவில் உள்ளவர்களுக்கு எல்லாமே பாதிதான். அது நியாயமில்லை என்று தாத்தா சொன்னார். அவர்களுக்குப் பக்கவாட்டில் ஜன்னல் கிடைக்கிறதே என்று ஆட்டோ ஓட்டும் அண்ணன் சொன்னார். இரண்டும் நியாயம்தான். கடைசியில் பத்துச் சுவரின் செலவையும் ஒன்பதால் வகுத்துக்கொண்டோம். அன்று கொஞ்சம் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அதையும் நோட்டில் எழுதினேன், பின்னால் யாரும் எங்களிடம் கேட்கவில்லை என்று சொல்லக் கூடாது என்பதற்காக.

வெள்ளம் சொன்ன மட்டம்

தரை எவ்வளவு உயரம்? மேஸ்திரி இரண்டடி போதும் என்றார். நாங்கள் தெருக்கோடியில் உள்ள கட்டடத்தின் சுவருக்குப் போனோம். 2015 டிசம்பர் வெள்ளத்தின் கறையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின் கறையும் அதில் இருக்கின்றன. எது எது என்று அடையாளம் காட்ட ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவரைக் கூப்பிட்டோம். ஒரு பெண் அன்றைக்குத் தன் குழந்தையை உட்காரவைத்த பலகையின் உயரத்தை வைத்துச் சொன்னார். மிக்ஜாம் கறைதான் மேலே இருந்தது.

அந்த மட்டத்தை ஒன்பது மனைக்கும் கொண்டுவர 40 அடி டியூப் போதுமாக இருந்தது. டியூபில் தண்ணீர் நிரப்பும்போது குமிழி இருக்கக் கூடாது, ஒரு சின்னக் குமிழி இருந்தாலும் மட்டம் தவறும். ஒரு முனையைக் கறைக்கு நேராகப் பிடித்து, மறு முனையில் தண்ணீர் நிற்கிற இடத்தில் முளைக்கம்பில் கோடு போட வேண்டும். அந்தக் கம்பிலிருந்து அடுத்த கம்பு. இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் செய்தார்கள். எங்களைவிட அவர்களுக்குப் பொறுமை அதிகம். தெருவிலிருந்து கறை 2 அடி 2 அங்குலம் வந்தது. சாலை போடும்போதெல்லாம் தெரு கொஞ்சம் ஏறுகிறது, அதையும் நினைத்து 3 அடி வைத்தோம்.

மூன்றடி என்றால் ஆறு படி. முட்டி வலி உள்ள பாட்டிகளுக்காக ஒவ்வொரு படியையும் சுமார் 5 அங்குலமாகக் குறைத்தோம், ஏழு படி ஆயிற்று. உள்ளே நிரப்ப மண் வாங்கவில்லை. பழைய சுவர்களை இடித்த செங்கல் உடைசலையும் மணலையும் அரை அடி அரை அடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்தோம். அவசரப்பட்டு இரண்டடியை ஒரேயடியாகக் கொட்டினால் அடுத்த வருஷம் தரை உள்வாங்கும்.

கிணறு

கடைக்காலுக்கு வானம் தோண்டுவதற்கு முன்னால் நடந்த கூட்டத்தில், தாத்தா நான்காவது மனையைக் காட்டி, "அந்த எடத்துல உறைக்கிணறு இருந்திச்சும்மா. குப்பையப் போட்டு மூடிட்டாங்க" என்றார். அங்கே குடியிருக்கும் குடும்பத்துக்கே அது தெரியாது. அவர்கள் வந்தது பிறகு. தோண்டினோம். அவர் காட்டிய இடத்துக்கு இரண்டடி மேற்கே உறை தட்டுப்பட்டது. சரியாக நான்கு, ஐந்து வீடுகளின் பொதுச்சுவர் வரும் இடத்தில்.

அவர் சொல்லாமல் இருந்து, நாங்களும் அரைகுறையாகத் தோண்டியிருந்தால், அந்தக் குப்பையின் மேலேயே சுவர் எழும்பியிருக்கும். குப்பை மக்கி இறங்கும், சுவரும் கூடவே இறங்கும், இரண்டு வீடு விரிசல் விடும். பக்கத்திலேயே தண்ணீர் ஊறிக்கொண்டிருந்ததால் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே குப்பையை எடுத்தோம். கல்லும் மணலும் மாற்றி மாற்றிப் போட்டு நிரப்பினோம். மேலே வெறும் கான்கிரீட் போதாது என்று இன்ஜினியர் ஒருவர் பார்த்துச் சொன்னார். கிணற்றின் இரண்டு பக்கமும் நல்ல மண்ணில் உட்காரும்படி, கம்பி கட்டிய அகலமான பட்டை போட்டுப் பாலம் மாதிரித் தாண்டவைத்தோம். நாலு நாள் வேலை, எதிர்பாராத செலவு. ஆனாலும் அந்தத் தாத்தா கூட்டத்துக்கு வந்தது எங்களுக்குக் கிடைத்த பாக்கியம்.

இலவச உழைப்பு

இப்போது அந்தத் தவறு. ஆரம்பத்தில், எல்லாரும் பங்கெடுப்பது என்றால் எல்லாரும் மண் சுமப்பது என்றே நினைத்தோம். வீட்டுக்கு ஒருவர் வாரம் இரண்டு நாள் கூலியில்லாமல் வர வேண்டும் என்று தீர்மானம். நானும்தான் கை தூக்கினேன்.

ஏழாவது வாரம் நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது எனக்கு வருத்தமாகிவிட்டது. மீன்கார அக்கா வராத நாள் ஒன்றுகூட இல்லை, ஆனால் அந்த நாளெல்லாம் அவருக்கு வியாபாரம் இல்லை. ஆட்டோ அண்ணன் வண்டிக்குத் தினம் கட்ட வேண்டிய பணத்துக்கு வட்டிக்கு வாங்கியிருந்தார். நாங்கள் நான்கு பேர் ஒரு நாளில் சுமந்த ஜல்லியைப் பழகிய சித்தாள் ஒருவர் அரை நாளில் சுமந்துவிடுவார். மேஸ்திரிக்கும் எங்களை வைத்து வேலை வாங்கக் கூச்சம். கூலி மிச்சம் என்று எழுதிய தொகையைவிட நாங்கள் இழந்த வருமானம் அதிகம். அன்றாடம் காய்ச்சியிடம் ஒரு நாள் உழைப்பை இலவசமாகக் கேட்பது, அவர் வீட்டு அடுப்பிலிருந்து அரிசியை எடுப்பதுதான்.

அன்றைய ஞாயிறு கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை எடுத்துவிட்டோம். வேலை செய்ய விரும்புகிற எங்கள் தெருக்காரருக்கு வெளியாளுக்குக் கொடுக்கும் அதே கூலி. மூன்று பெண்கள் அப்படிச் சேர்ந்தார்கள். மற்றவர்கள் வருமானத்தை விடாமல் செய்யக்கூடிய, கூலிக்கு ஆள் வைத்தால் சரியாக நடக்காத வேலைகளை எடுத்துக்கொண்டோம்: விலை விசாரிப்பது, லாரி அளப்பது, கல் எண்ணுவது, மட்டம் பார்ப்பது, கம்பி எண்ணுவது, தண்ணீர் விடுவது. பிறத்தியார் வீட்டில் இவை ஒழுங்காக நடப்பதே இல்லை. தன் வீடு என்றால்தான் ஒருவர் ராத்திரி எட்டு மணிக்கும் எழுந்துபோய்ச் சுவருக்குத் தண்ணீர் விடுவார்.

கூலிக்கு வந்த மூன்று பேரில் ஒருவர் பதினைந்து வருஷமாகச் சித்தாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் வாழ்நாள் முழுக்கச் சித்தாளாகவே இருந்து ஓய்கிறார்கள், கரணை அவர்கள் கைக்கு வருவதில்லை. ஐந்தாவது வீட்டில் அவர் மேஸ்திரியிடம் கேட்டு உள்பூச்சு பழக ஆரம்பித்தார். எட்டாவது வீட்டின் கூடம் முழுக்க அவர் பூசியது. மட்டப் பலகை வைத்துப் பார்த்துவிட்டு மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் போனார், அடுத்த நாளிலிருந்து கொத்தனார் கூலி போட்டார்.

அளவு

வாங்கும் இடத்தில் நாங்கள் கற்றதை முழுதாக எழுதிவிடுகிறேன். மணலும் ஜல்லியும் யூனிட் கணக்கு, ஒரு யூனிட் 100 கன அடி. மூன்று யூனிட் என்று வந்த லாரியில் டேப் பிடித்தோம்: நீளம் 12, அகலம் ஆறரை, உயரம் மூன்றரை அடி. பெருக்கினால் 273 கன அடி. 27 கன அடி குறைவு. சண்டை போடவில்லை, அளந்ததற்குத்தான் பணம் என்றோம். ஒப்புக்கொண்டார்கள். கொட்டிய பிறகு அளக்க முடியாது என்பதால் ஒருவர் எப்போதும் தெருமுனையில் நின்றார்.

கம்பிக்கு ஒரு சூத்திரம் உண்டு. விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 10 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.617 கிலோ, 12 மீட்டர் நீளத்துக்கு சுமார் 7.4 கிலோ. எடை மிகவும் குறைந்தால் கம்பி மெலிசு. செங்கல்லை இரண்டை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும், மூன்றடி உயரத்திலிருந்து மண்ணில் போட்டால் உடையக் கூடாது. கட்டுவதற்கு முன் ஊறவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கலவையின் தண்ணீரைக் கல் குடித்துவிடும்.

கான்கிரீட்டுக்குப் பாண்டு (கலவைச் சட்டி) கணக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒரு பாண்டு தலை தட்டியும் வரும், கோபுரமாகவும் வரும். பழைய கதவுப் பலகையில் 15க்கு 12க்கு 12 அங்குலம் பெட்டி அடித்தோம். அது ஒன்றேகால் கன அடி, சரியாக ஒரு மூட்டை சிமென்ட்டின் அளவு. ஒரு மூட்டைக்கு எம்சாண்ட் ஒன்றரைப் பெட்டி, முக்கால் அங்குல ஜல்லி மூன்று பெட்டி, தண்ணீர் 25 லிட்டர். தண்ணீர் கூடினால் கலவை போட எளிது, ஆனால் பலம் போய்விடும். தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் நின்றது மீன்கார அக்காவின் மகள். மெஷின்காரர் இன்னும் ஒரு வாளி என்று கேட்கும்போதெல்லாம் அவள் தலையசைத்தாள்.

தண்ணீரைப் பற்றி இன்னொன்று. எங்கள் பகுதியில் போர்வெல் தண்ணீர் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 சொல்கிறது. எங்கள் தண்ணீரைச் சோதித்தோம், பல மடங்கு. உப்புத் தண்ணீரில் போட்ட கூரை முதல் சில வருஷம் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, காரை தட்டுத் தட்டாக விழும். வடசென்னையில் தலைமேல் காரை விழுந்த கதை இல்லாத தெரு உண்டா? அதனால் கலவைக்கும், தண்ணீர் விடுவதற்கும்கூட, லாரித் தண்ணீர் மட்டும்தான். செலவுதான், ஆனால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஆறு மூட்டை

ஏப்ரலில் ஒரு ஞாயிறு இருப்பை எண்ணியபோது ஆறு மூட்டை சிமென்ட் குறைந்தது. வெளியூரிலிருந்து வந்து ஸ்டோரில் படுத்திருந்த ஒரு பையன் மேல் எல்லார் பார்வையும் போனது. யாரோ கேட்டும்விட்டார்கள். அவன் பதில் சொல்லாமல் பையை எடுத்துவைக்க ஆரம்பித்தான். ராத்திரி உட்கார்ந்து நாள்வாரியாகப் பார்த்தேன். கிணற்றுப் பட்டை போட்ட அன்று அவசரத்தில் எடுத்த ஆறு மூட்டையை நான் எழுதவில்லை. காலையில் கூட்டத்தைக் கூட்டி எல்லார் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் கடைசி வீடு வரை இருந்தான். அதன்பிறகு மூட்டை வெளியே போகும்போது இரண்டு பேர் கையெழுத்து, சுவரில் கரும்பலகையில் இருப்பு, ஞாயிறு ஆறு மணிக்குத் தெருவிளக்கின் கீழே வரவு செலவை உரக்க வாசிப்பது என்று வைத்துக்கொண்டோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் காது உண்டு. அவர்கள்தான் அதிகம் கேள்வி கேட்டார்கள்.

கூரை

முதல் மூன்று கூரையும் மே கடைசியில் ஒரே நாளில் போட்டோம். 5 அங்குலக் கனம், 10 எம்எம் கம்பி அரையடிக்கு ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து நூறு மூட்டை. அன்று ஒரு தவறு நடந்தது. முன்பக்கச் சன்ஷேடில் கம்பி மேல்பக்கமாக இருக்க வேண்டும், ஏனென்றால் தொங்கும்போது இழுபடுவது மேல்பக்கம்தான். கட்டும்போது சரியாகத்தான் கட்டியிருந்தார்கள். கான்கிரீட் கொட்டும்போது அதன் மேலேயே ஆட்கள் நடந்ததில் கம்பி அமுங்கிவிட்டது. சென்ட்ரிங் (தாங்கிய பலகைகள்) பிரித்ததும் மூன்றாவது வீட்டின் சன்ஷேடு சுவர் ஓரமாக விரிசல் விட்டது. கீழே யாரும் இல்லை, தெய்வாதீனம். உடைத்து மறுபடி போட்டோம். அடுத்த கூரைகளில் வளைத்த கம்பியால் நாற்காலி வைத்து மேல்கம்பியைத் தாங்கவைத்தோம், நடக்கப் பலகை போட்டோம், அதைப் பார்ப்பதற்கென்றே ஒருவரை நிறுத்தினோம்.

இன்னொன்று நடு அறைக் கூரையில் விட்ட அந்தத் திறப்பு. முதல் மூன்று வீட்டில் சுற்றுக்கட்டையைக் கூரை போட்ட பிறகு செங்கல்லில் கட்டினோம். ஜூன் மாதம் ஒரு மாலை மழையில் மூன்றும் ஒழுகின. கூரையும் கட்டையும் சேரும் இடத்தில்தான் கசிவு. நான்காவது வீட்டிலிருந்து கூரையோடு சேர்த்தே கான்கிரீட்டில் வார்த்தோம், ஒரு சொட்டு இல்லை. பழைய மூன்றையும் கொத்தி எடுத்துச் சரிசெய்தோம்.

முட்டுகளை ஏழாம் நாள் பிரிக்கலாம் என்றார் மேஸ்திரி. இந்த அகலக் கூரைக்கு அது விதியிலும் உள்ளதுதான். ஆனால் எங்கள் சிமென்ட் மெதுவாகப் பலம் பிடிக்கும் பிபிசி (PPC, சாம்பல் கலந்த சிமென்ட்) வகை என்பதால் 14 நாள் விட்டோம். மேலே பாத்தி கட்டிப் பத்து நாள் தண்ணீர் நிறுத்தினோம். முறைப் பட்டியல் என் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்தது. ஒரு வேளைகூடத் தவறவில்லை.

வீட்டுக்குச் சராசரியாக 4 லட்சத்து 85 ஆயிரம் ஆகியிருக்கிறது. மானியம் போக மீதியில் கொஞ்சம் சேமிப்பு, கொஞ்சம் நகை, மீதி குழுக்கடன். என் வளையல் இரண்டும் இன்னும் அடகில்தான் இருக்கிறது. கழிப்பறை தவிர வேறெங்கும் டைல்ஸ் இல்லை, சிமென்ட் தரைதான். அது அவரவர் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் நடுவில் இரண்டு நாள் பெருமழை. தெருவில் தண்ணீர் ஏறி என் வீட்டின் இரண்டாவது படியைத் தொட்டு நின்றது. காலையில் பிள்ளைகள் ஆணியால் அந்த இடத்தில் கீறி, தேதி எழுதினார்கள். மூன்று நாள் கழித்துப் பின்தெருவிலிருந்து நான்கு பெண்கள் வந்து டியூபைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

ஒன்பதாவது வீட்டின் வெளிப்பூச்சு மழையால் நின்றிருக்கிறது. ஸ்டோரில் 14 மூட்டை இருக்கிறது, பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி. பொங்கல் கழித்து முதல் ஞாயிறு ஆரம்பிக்கிறோம்.